மூன்று சூரியன் நின்றும் காசு கொட்டாத பெட்டி

"ரூர் வட்டாரத்தில் ஒரு வாரம் சுற்றப் போகிறேன், பார்க்க என்னதான் இருக்கிறது?" என்று போன பதிவின் கீழே ஒருவர் கேட்டிருந்தார். பழைய சுரங்கங்கள், அருங்காட்சியகங்கள் என்று எல்லாரும் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். நான் அந்தப் பக்கம் முதன்முதலாகப் போனது 1970 அக்டோபரில். கெல்சென்கிர்ச்சனில் ஒரு பீர்க்கடைச் சுவரில் தொங்கிய சூதாட்டப் பெட்டியைப் பார்க்கத்தான் போனேன். சிரிக்காதீர்கள், நிஜமாகவே அதற்குத்தான்.

அப்போது நான் ஜெர்மனியில் ஆஹன் நகரில் மின்பொறியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். நாகர்கோவில்காரி, ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள், சீட்டுக்கட்டைக்கூடக் கையால் தொட்டதில்லை. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் விடுதி நடையில் இருந்த தொலைபேசி அடித்தது. சிவஞானம் அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர், கெல்சென்கிர்ச்சனில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செய்துகொண்டிருந்தார். கொலோனில் ஒரு பொங்கல் ஒன்றுகூடலில் பழக்கம்.

"பிள்ளை எஸ்தர், இந்தச் சனி ஞாயிறு ஒருக்கா இஞ்ச வாறியளோ? எங்கட வீட்டுக்கார அம்மாவைக் கள்ளி எண்டு சொல்லுறாங்கள். எனக்கு மனம் கேக்கேல்லை."

"நான் வந்து என்னண்ணை செய்ய? நான் என்ன வக்கீலா?"

"உங்களுக்கு எலக்ட்ரிக் தெரியுமெல்லே? பிழை ஒரு மெஷினில. நீங்கள் வந்து பாருங்கோ."

விவரம் இதுதான். அண்ணை குடியிருந்தது ஒரு பீர்க்கடையின் மாடியில். கடையை நடத்தியவர் ஃபிராவ், அதாவது திருமதி, ஹெடி கோவால்கே, அறுபதை நெருங்கும் விதவை. அண்ணை வந்த புதிதில் எட்டு வீட்டுப் படி ஏறி, எட்டிலும் "அறை இல்லை" என்று கேட்டுவிட்டு, ஒன்பதாவதாக மழைக்கு ஒதுங்கிய இடம் இந்தக் கடை. ஒரு சூப்பைக் கொடுத்துவிட்டு, "மேலே ஒரு அறை கிடக்கிறது, கூரை கொஞ்சம் ஒழுகும், இருப்பாயா?" என்று அந்த அம்மாவே கேட்டாராம். அண்ணைக்கு மஞ்சள் காமாலை வந்தபோது மூன்று வாரம் உப்பில்லாத உருளைக்கிழங்கு அவித்துக் கொண்டுபோய் வைத்தவரும் அவர்தான். ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்குக் கடையை மூடிவிட்டுச் சமையலறைச் சாவியை அண்ணையிடம் கொடுத்துவிடுவார். எசனில் இருந்து இன்னும் மூன்று தமிழ்ப் பையன்கள் வருவார்கள். வாரத்தில் அந்த ஒரு வேளைதான் அவர்கள் வாய்க்கு ருசியாகச் சோறு தின்றது.

அந்த அம்மாவைத்தான் இப்போது கள்ளி என்கிறார்கள். கடைச் சுவரில் இருக்கும் காசுப் பெட்டி, ஜெயித்தாலும் பணம் தருவதில்லையாம். உள்ளே யாரோ எண்ணெய் பூசியிருப்பதைப் பெட்டியின் சொந்தக்காரர் கண்டுபிடித்துவிட்டாராம். கொட்டாத காசு கடைக்கு லாபம் என்பதால், அந்த எண்ணெயைப் பூசியது ஃபிராவ் கோவால்கேதான் என்று பேச்சு. கடையின் பின்னறையில் கூடும் புறாப் பந்தயச் சங்கத்துக்காரர்கள், இந்த ஞாயிறு எல்லார் முன்னிலையிலும் பெட்டியைத் திறந்து பார்ப்போம், திருட்டு என்று தெரிந்தால் சங்கத்தை வேறு கடைக்கு மாற்றிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். சங்கம் போனால் கடை போச்சு.

சனிக்கிழமை காலை ஆஹனில் ரயில் ஏறினேன். கொலோனில் ஒரு மாற்றம், எசனில் ஒரு மாற்றம், மொத்தம் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. தூரம் நூற்று நாற்பது கிலோமீட்டர் இருக்கும். டிக்கெட் ஒரு வழிக்குப் பன்னிரண்டு மார்க், எனக்கு அது நான்கு நாள் சாப்பாடு. எசன் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே ஒரே புகைபோக்கி மயம். ஸ்டேஷனில் இருந்து டிராமுக்கு அறுபது ஃபெனிக், நூறு ஃபெனிக் சேர்ந்தால் ஒரு மார்க். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போன எனக்குப் புத்தி வேண்டும், சாயங்காலத்துக்குள் காலர் சாம்பல் நிறமாகிவிட்டது.

ஃபிராவ் கோவால்கே குட்டையான, அகலமான பெண்மணி. நீலக் கட்டம் போட்ட ஏப்ரன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இந்த எலும்புக்கூடா இன்ஜினியர்?" என்று அண்ணையிடம் கேட்டார். கேட்ட கையோடு ஒரு தட்டு நிறைய உருளைக்கிழங்கு சாலட்டை என் முன்னால் வைத்தார். பெட்டியைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். "நாளைக்குத் திறக்கட்டும், பார்க்கட்டும்" என்று சொல்லிவிட்டு கிளாஸ் துடைக்கப் போய்விட்டார். தன்மேல் பழி விழுந்திருக்கிற மனுஷி இப்படியா இருப்பாள் என்று எனக்கு எரிச்சலாகக்கூட வந்தது.

பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தரையில் நிற்கும் பெரிய யந்திரம் என்று நினைக்காதீர்கள். சுவர்க் கடிகாரத்தைவிடக் கொஞ்சம் பெரிது. முகப்பில் மூன்று வட்டத் தட்டுகள். பத்து ஃபெனிக் காசைப் போட்டால் மூன்றும் சுழலும், இடது, நடு, வலது என்று ஒவ்வொன்றாக நிற்கும். ஒவ்வொன்றிலும் பத்துப் படங்கள்: சூரியன், திராட்சை, குதிரை லாடம் இப்படி. சின்னப் படங்கள் இடதிலும் நடுவிலும் சேர்ந்தாலே சில்லறை. சூரியன், திராட்சை, லாடம் என்றால் மூன்றிலும் சேர்ந்தால்தான் காசு, அது கூடுதல். மூன்றும் சூரியன் என்றால் ஒரு மார்க், அதற்குமேல் கிடையாது. ஒரு மார்க்குக்காகவா இத்தனை கலாட்டா என்று எனக்கும் தோன்றியது.

ராத்திரி படுக்குமுன் நான் பெரிய மேதாவி மாதிரி ஒரு முடிவுக்கு வந்தேன். இவர்களுக்குக் கணக்குத் தெரியவில்லை, அதுதான் சங்கதி! ஒரு தட்டில் பத்துப் படம், மூன்று தட்டு என்றால் பத்து பெருக்கல் பத்து பெருக்கல் பத்து, ஆயிரம் விதமாக நிற்கலாம். அதில் மூன்று சூரியன் ஒரே ஒரு விதம். அபூர்வமாக வருவதை வருவதே இல்லை என்று நினைத்துக்கொண்டு ஒரு விதவையைத் திட்டுகிறார்கள். காலையில் பாடம் நடத்திவிடுவது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிறு பதினொரு மணிக்குக் கூட்டம் சேர்ந்தது. தேவாலயம் முடிந்து நேரே பீருக்கு வருவது அங்கே வழக்கம். பதினைந்து பேருக்குக் குறையாது, எல்லாரும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள், இருமலும் சிரிப்புமாக. சங்கத் தலைவர் ஹெர் பிரிங்மன், ஆறடி உயரம், தொப்பியைக் கழற்றவே மாட்டார். நான் பீர் அட்டையின் பின்பக்கத்தில் ஆயிரம் கணக்கைப் போட்டுக் காட்டி, தெரிந்த ஜெர்மனில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"குழந்தே, இந்தக் கணக்கு எங்கள் புறாவுக்குக்கூடத் தெரியும். சூரியன் வரவில்லை என்று யார் சொன்னார்கள்? மூன்று சூரியன் வந்தது. நின்றது. எல்லாரும் பார்த்தோம். காசு கொட்டவில்லை. அதற்கு உன் அட்டையில் என்ன கணக்கு?"

கடையே கொல்லென்று சிரித்தது. என் முகத்தில் ஈயாடவில்லை. இனி அட்டையை வைத்து என்ன செய்ய! சரி, கேட்க வேண்டியதைக் கேட்போம் என்று ஆரம்பித்தேன். எது எது வந்து காசு தரவில்லை? ஆளாளுக்குச் சொன்னார்கள். மூன்று சூரியன் தரவில்லை. மூன்று திராட்சை தரவில்லை. மூன்று லாடம் ஒரு தடவை தந்தது, மறுதடவை இல்லை. இரண்டு சேர்ந்தாலே தருகிற சின்னப் படம்? அது எப்போதும் தந்தது, ஒரு குறையும் இல்லை.

"அதுதானே திருட்டு! சில்லறையைத் தூக்கிப் போடுகிறது, பெரியதை முழுங்குகிறது. மெஷினுக்கு எப்படித் தெரியும் எது பெரிது என்று? தெரிந்த மனுஷர் யாரோ செய்தது" என்றார் பிரிங்மன். ஃபிராவ் கோவால்கே அவர் பக்கம் திரும்பாமல் பீர் பிடித்துக்கொண்டே இருந்தார்.

எனக்கோ மண்டைக்குள் பளிச்சென்றது. இரண்டு தட்டு ஜெயிப்புக்கு இடதும் நடுவும் போதும். மூன்று தட்டு ஜெயிப்புக்கு வலதும் வேண்டும். அப்படியானால் கெட்டுப்போனது பெரிய தொகை அல்ல, வலது தட்டு!

பெட்டிக்காரர் சாவியோடு வந்தார். கடைகளில் பெட்டி மாட்டி வாடகை எடுப்பவர், அவரும் புறா வளர்ப்பவர்தான். பெட்டியைத் திறந்ததும் நான் மூக்கை நுழைத்துவிட்டேன். உள்ளே அத்தனை எளிமை. நாம் பார்த்து ஆசைப்படும் படமெல்லாம் வெறும் அலங்காரம், மெஷினுக்கு அது தெரியவே தெரியாது. ஒவ்வொரு தட்டின் முதுகிலும் செப்புப் பட்டைகள் பதித்திருக்கும். தட்டு நிற்கும்போது ஒரு கம்பி விரல் அந்தப் பட்டையைத் தொடும். பெரிய ஜெயிப்புக்கு மூன்று விரலும் சரியான பட்டையைத் தொட்டால்தான் மின்சாரம் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போய், கடைசியில் காசுக் குழாயைத் திறக்கும் காந்தத்தை எட்டும். ஒரே வரிசையில் மூன்று ஸ்விட்ச். ஒன்று வேலை செய்யாவிட்டாலும் விளக்கு எரியாது, அவ்வளவுதான்.

வலது தட்டின் முதுகில் பிசுபிசுவென்று மஞ்சள் படலம். மற்ற இரண்டும் சுத்தம். "பார், எண்ணெய்!" என்றார் பெட்டிக்காரர். "போன மாதமும் துடைத்தேன். மறுபடி பூசியிருக்கிறது. வேறு எந்தக் கடையிலும் எனக்கு இந்த வம்பு இல்லை." எல்லார் கண்ணும் ஃபிராவ் கோவால்கே மேல் போயிற்று.

நான் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தேன். அடுத்தடுத்து நாலு தும்மல். வெந்தயம், பெருஞ்சீரகம், கருக வறுத்த மிளகாய்! ஐயோ கடவுளே, யாழ்ப்பாணத்துத் தூள்! பெட்டியின் வலது ஓரத்துக்குப் பின்னால் சுவரில் மின்கம்பிக்காக ஒரு துளை. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை.

"அண்ணை, இது நம்ம மணம்" என்றேன் தமிழில். அவர் ஒருமுறை முகர்ந்தார். முகம் வெளிறிப்போனது.

அந்தக் கூட்டத்தில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டே பேர். எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. "யோசிச்சுச் சொல்லுங்க அண்ணை. சொன்னா கிச்சன் போயிரும். ரூமும் போனாலும் போகும். இவங்க ஏற்கெனவே நம்ம ஸ்மெல்லைப் பத்திப் பேசுறவங்க."

"போனாப் போகட்டும். அவவின்ர பேர் போகக்கூடாது. நான் சொல்லுறன்" என்றார் அண்ணை. ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

சொன்னார். திக்கித் திணறி, ஆனால் எல்லாவற்றையும் சொன்னார். மாடியில் குடியிருந்த மற்றவர்கள் மசாலா வாசனைக்கு முகம் சுளித்ததால், இவர்கள் மரியாதையாக நடந்துகொள்வதாக நினைத்துச் சமைக்கும்போது ஜன்னலை இறுக மூடி, கதவைச் சாத்தி, கதவுக்கு அடியில் துவாலையைச் சுருட்டி வைத்துவிடுவார்களாம். தூள் வறுப்பதும் உள்ளே, இறைச்சி பொரிப்பதும் உள்ளே. புகை பாவம் எங்கே போகும்? ஒரே ஒரு துளை இருந்தது, அது வழியாக நேரே வலது தட்டின் முதுகுக்குப் போயிருக்கிறது. அடுத்தவருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று மெனக்கெட்டு ஒரு ஊரையே சண்டைக்கு இழுத்தது நம்மவர்களாகத்தான் இருக்கும்.

பிரிங்மன் நம்பவில்லை. "அவளைக் காப்பாற்றக் கதை கட்டுகிறாய்" என்றார்.

"அப்படியானால் இருந்து பாருங்கள்" என்றேன் நான். எனக்கும் சூடேறிவிட்டது.

பெட்டிக்காரர் வலது தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, மூன்று தட்டையும் கையால் சூரியனில் நிறுத்தினார். கலகலவென்று ஒரு மார்க் கொட்டியது. பெட்டி சரி. அப்புறம் திறந்த பெட்டிக்குள்ளே, துளை வாயில் கம்பியை ஒட்டி ஒரு வெள்ளைத் தேநீர்த் தட்டைச் சாய்த்து வைத்தோம். இரண்டு மணிக்கு எசன் பையன்கள் ஆட்டிறைச்சியோடு வந்து, பதினைந்து ஜெர்மன்காரர்கள் தங்களுக்காகக் காத்திருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்கள். "பயப்படாதேங்கோடா, வந்து சமையுங்கோ. வழமை போலச் சமையுங்கோ" என்று அண்ணை இழுத்துக்கொண்டு போனார். ஜன்னல் மூடியது. கதவு மூடியது. துவாலை வைத்தாயிற்று. பிரிங்மன் நாற்காலியைத் துளைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார், பொந்துக்கு முன்னால் உட்கார்ந்த பூனை மாதிரி.

ஒன்றரை மணி நேரம். தட்டை எடுத்தபோது ஓரத்தில் மெல்லிய மஞ்சள் படிந்திருந்தது. பிரிங்மன் விரலால் வழித்து நாக்கில் வைத்தார். சற்று நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு இருமினார் பாருங்கள், அப்படி ஒரு இருமல்! கண்ணில் தண்ணீர் கொட்ட, மேசையைத் தட்டித் தட்டி இருமினார். கடை முழுக்கச் சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும் மனுஷர் எழுந்து நின்று, அந்தக் கழற்றாத தொப்பியைக் கழற்றினார்.

"ஹெடி, போன வாரம் உன்னை ஒரு வார்த்தை சொன்னேன். தப்பு. எல்லார் முன்னாலும் சொன்னேன், அதனால் எல்லார் முன்னாலும் சொல்கிறேன், தப்பு."

"உட்கார். பீரில் நுரை அடங்குகிறது" என்றார் ஃபிராவ் கோவால்கே.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். துளையை அடைத்துவிடலாம் என்று பெட்டிக்காரர் பெட்டியைச் சுவரிலிருந்து இறக்கினார். துளைக்குள் ஆழத்தில் ஏதோ சிக்கியிருந்தது. திருப்புளியால் நெம்பி இழுத்தார். மஞ்சள் ஊறிப்போன ஒரு துணிச் சுருள் வந்தது. பிரித்தால் நீலக் கட்டம். கம்பி போகிற இடைவெளியை முழுதாக அடைக்க முடியாமல் யாரோ திணித்து வைத்த ஏப்ரன் துண்டு.

ஃபிராவ் கோவால்கே வந்து அந்தத் துணியை வெடுக்கென்று பிடுங்கி, "ஓட்டை இருந்தது, அடைத்தேன். அதற்கென்ன?" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார். பையன்கள் சமைக்கும் புகை அந்தத் துளை வழியாகத்தான் போகிறது என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அண்ணை அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்து, பையன்கள் பார்க்கப் பார்க்க அழுதார்.

அன்று இறைச்சிக் கறியைப் புறாச் சங்கமும் சேர்ந்து தின்றது. ஜன்னல் திறந்தே இருந்தது.

இப்போது போகிறவர்களுக்கு நாலு வார்த்தை. எசனிலிருந்து கெல்சென்கிர்ச்சனுக்கு ரயில் அடிக்கடி உண்டு, பத்து நிமிடப் பயணம், தனியாகத் தங்குமிடம் தேட வேண்டாம். எசனில் தங்கினால் நம் சாப்பாடும் கிடைக்கும், கடைகளில் ஓம், இல்லை என்று தமிழிலேயே பேசி வாங்கலாம். மூலைப் பீர்க்கடைகள் குறைந்துவிட்டன. எங்கள் கடை இருந்த இடத்தில் போனமுறை பார்த்தபோது முடிதிருத்தகம் இருந்தது. மிச்சமிருக்கும் கடை ஏதாவது கண்ணில் பட்டால் ஞாயிறு காலை பதினொரு மணிக்கு உள்ளே போங்கள், குடிக்காதவர்கள் ஆப்பிள் சாறு கேட்கலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். சுவரில் பெட்டி இருந்தால் ஒரு காசு போட்டுப் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் இப்போதைய பெட்டிக்குள் கணினி இருக்கிறது, என் செப்புப் பட்டைக் கதை அதற்குச் செல்லாது. எந்தக் காலத்துப் பெட்டியானாலும் அதிகம் விழுங்குவதற்குத்தான் செய்து வைத்திருக்கிறார்கள், ஒரு காசோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாடகை வீட்டில் தாளிக்கிறவர்கள் தயவுசெய்து ஜன்னலைத் திறந்து வையுங்கள். அக்கம்பக்கத்தார் கேட்டால் ஒரு கிண்ணம் கொடுத்துப் பாருங்கள், அண்ணை அதற்கப்புறம் அப்படித்தான் செய்தார், மேல்மாடியில் அப்புறம் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

திங்கள் காலை என்னை டிராம் நிறுத்தம் வரை கொண்டுவிட வந்தது ஃபிராவ் கோவால்கேதான். அண்ணை வேலைக்குப் போய்விட்டார். ரயிலில் தின்ன ரொட்டியும் சீஸும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். எனக்கு மனது ஆறவில்லை. "தெரிந்துகொண்டே ஏன் சொல்லாமல் இருந்தீர்கள்? கடையே போயிருக்குமே!" என்று கேட்டேவிட்டேன்.

அவர் டிராம் வருகிறதா என்று தெருக்கோடியைப் பார்த்தபடி சொன்னார். "என்னைக் கள்ளி என்று சொன்னது என் ஊர்க்காரர்கள். இன்றைக்குத் திட்டுவார்கள், என்றைக்காவது திரும்பி வருவார்கள். பையன்களால்தான் என்று நான் சொல்லியிருந்தால் அவர்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கே போய்ச் சாப்பிடுவார்கள்?"

அவருடைய இரண்டு கையையும் பிடித்து என் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அந்த அம்மாவுக்கு இதெல்லாம் என்ன தெரியும்! "ஈரமாக்கிவிட்டாய்" என்று கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, "ஏறு, டிராம் நிற்காது" என்று என்னை முதுகில் கைவைத்து ஏற்றிவிட்டார்.